ஒரே எண், வேறு வேறு கணக்கு

கடிதம்:

அன்புள்ள ஆசிரியருக்கு,

4-4-2 என்பதைக் கால்பந்து அணிவகுப்பாக மட்டுமே அறிந்திருந்த நான், நீராவி ரயில் எஞ்சின்களிலும் அதே எண்ணில் ஒரு வகை உண்டு என்று அண்மையில் படித்தேன். .30-06 தோட்டாவும் 09/27 ஓடுபாதையும்கூட ஏறத்தாழ இதே தோற்றத்தில் இருக்கின்றன. இவற்றுக்குப் பொதுவான விதி ஏதும் உண்டா?

அன்புடன்,
ஒரு வாசகர்

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

பொதுவிதி இல்லை. எஞ்சினில் அந்த எண், முன்னே வழிகாட்டும் சக்கரங்கள் நான்கு, இயக்குச் சக்கரங்கள் நான்கு, பின்னே பாரம் தாங்குபவை இரண்டு என்று முன்னிருந்து பின்னாக எண்ணுகிறது. கால்பந்தில் தற்காப்பிலிருந்து தாக்குதலை நோக்கி எண்ணுகிறார்கள். எஞ்சின் கணக்கில் நிலக்கரியும் நீரும் சுமக்கும் டெண்டரின் சக்கரங்கள் சேராது, கால்பந்துக் கணக்கில் கோல்கீப்பர் சேரமாட்டார். பிரெஞ்சுக்காரர்கள் சக்கரங்களுக்குப் பதில் அச்சுகளை எண்ணுவதால் அதே எஞ்சின் அங்கே 221 ஆகிவிடும்.

தோட்டாக்களில் ஒரே துறைக்குள்ளேயே குழப்பம் உண்டு. .45-70 என்பதில் 70 என்பது கிரெயின் என்ற சிறு எடை அலகில் கருமருந்தின் எடை; .30-30 என்பதில் பின்னால் வரும் 30 புகையில்லா மருந்தின் எடை; .30-06 என்பதிலோ 06 என்பது அமெரிக்க ராணுவம் அதை ஏற்றுக்கொண்ட 1906ஆம் ஆண்டு. குண்டின் விட்டத்தை அங்குலத்தில் சொல்லும் முதல் எண்ணையாவது நம்பலாமா என்றால், .38 ஸ்பெஷல் தோட்டாவின் குண்டு உண்மையில் .357 அங்குலம்தான். பழைய ரிவால்வர்களில் குண்டு தோட்டாக்கூட்டின் வெளிவிட்டத்துக்கே இருந்தது. பின்னர் குண்டு கூட்டுக்குள் அமரும்படி சிறுத்தபோதும் பெயர் மாறவில்லை. 1935இல் வந்த .357 மேக்னம் அதே விட்டமுள்ள குண்டைத்தான் சுடுகிறது, ஆனால் அதன் கூடு நீளமானது. ஆகவே மேக்னம் ரிவால்வரில் .38 ஸ்பெஷலைச் சுடலாம், மறுதலையாகச் செய்யக் கூடாது. எண்களை மட்டும் பார்ப்பவருக்கு இது விளங்காது.

உயிரோடு விளையாடும் துறையில் இப்படிப் பொய்யான எண்ணை எப்படி விட்டுவைத்தார்கள் என்று தோன்றலாம். அந்த எண் எதனோடு ஒப்பிடப்படுகிறது என்பதில்தான் விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். சுடுபவர் தோட்டாவில் உள்ள பெயரைத் துப்பாக்கியில் பொறித்த பெயரோடு ஒப்பிடுகிறார். இரண்டும் ஒன்றாயிருந்தால் போதும், அளவு மெய்யாயிருக்க வேண்டியதில்லை. விமானியோ ஓடுபாதையின் எண்ணைத் தன் திசைகாட்டியோடு ஒப்பிடுகிறார். காந்த வடக்கிலிருந்து அளந்த திசையைப் பத்தால் வகுத்து முழு எண்ணாக்கினால் கிடைப்பதே அந்த எண். 09 என்றால் ஏறத்தாழ 90 பாகை, அதாவது கிழக்கு. எதிர்முனையிலிருந்து வருபவருக்கு அதே பாதை 27. பூமியின் காந்தப்புலம் மெல்ல நகர்வதால் இந்த எண் காலப்போக்கில் பிழையாகும், அப்போது மாற்றியே தீர வேண்டும். லண்டன் ஸ்டான்ஸ்டெட் விமான நிலையத்தில் 05/23 என்றிருந்த ஓடுபாதை 2009இல் 04/22 ஆனது இப்படித்தான்.

விளையாட்டுச் சட்டை எண் துப்பாக்கியின் பக்கம் சேர்வது. 1982 உலகக் கோப்பையில் அர்ஜென்டினா பெரும்பாலும் அகரவரிசையில் எண் கொடுத்ததால், நடுக்கள வீரர் அர்டிலெஸ் வழக்கமாகக் கோல்கீப்பருக்குரிய 1ஆம் எண்ணில் ஆடினார். நடுவரின் பட்டியலிலும் அவர் 1 என்றே இருந்ததால் ஆட்டத்துக்கு இடைஞ்சல் இல்லை. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் 2023 வரை 6 முதல் 9 வரையான இலக்கங்கள் சட்டையில் அனுமதிக்கப்படவில்லை. ஏனெனில் தவறு செய்த வீரரின் எண்ணை நடுவர் இலக்கத்துக்கு ஒரு கையாக விரல்களால் காட்ட வேண்டியிருந்தது, ஒரு கையில் ஐந்து விரல்களுக்கு மேல் இல்லை.

அன்புடன்.