பிடிக்காத அரசியல் விமர்சகர் இறந்த அன்று கேலியாகப் பதிவு போட்டேன். இது தவறா?

யார் என்று பெயர் சொல்லாமல் கேட்டிருக்கிறீர்கள். டிவி விவாதத்தில் உட்கார்ந்து உங்கள் கட்சியைக் கழுவி ஊற்றிய ஆள் என்று வைத்துக்கொள்கிறேன். நீங்கள் இரண்டு வரி போட்டிருப்பீர்கள். நூறு பேர் சிரித்திருப்பார்கள். ஒரே ஒருத்தர் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பார். அந்த ஒருத்தர் உறுத்துவதால்தான் இங்கே வந்து கேட்கிறீர்கள், சரியா?

எனக்கு இது சோ ராமசாமி இறந்த அன்று நடந்தது. துக்ளக் வார இதழின் ஆசிரியர், ஜெயலலிதாவின் ஆலோசகர் என்று பேசப்பட்டவர். 2016 டிசம்பர் 7, புதன்கிழமை.

ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன், நான் சோ ரசிகன் கிடையாது. இடஒதுக்கீடு, பெண்கள், ஈழம் என்று எதை எடுத்தாலும் அவர் எழுதியது இன்றைக்கும் எனக்கு வயிற்றெரிச்சல்தான். செத்துவிட்டார் என்பதற்காக அந்த எரிச்சலில் ஒரு கரண்டி கூடக் குறைத்துக்கொள்ள மாட்டேன். அதனால் 'சங்கி' என்று கமென்ட் போட வருகிறவர்கள் மேலே தள்ளிக்கொண்டு போகலாம். 'உபி' (உடன்பிறப்பு, அதாவது திமுககாரன்) என்று போட வருகிறவர்களுக்கும் ஒன்று: நெருக்கடி நிலை வந்தபோது துக்ளக் அட்டையை முழுக்கக் கறுப்பாக அச்சடித்து விற்ற ஆளும் அவர்தான் என்பது எனக்குத் தெரியும். அதைப் பற்றிக் கேட்டால் என் அப்பாவே இரண்டு தடவை இருமிவிட்டுத்தான் பேச்சை மாற்றுவார்.

அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. சேலம் குகைப் பகுதியில் தறி ஓட்டியவர், திமுககாரர். 1971 ஜனவரியில் திராவிடர் கழகம் சேலத்தில் நடத்திய மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாட்டு ஊர்வலத்தில் நடந்தவர். அப்போது அவருக்கு இருபது வயது. ராமர் படத்தைச் செருப்பால் அடித்தார்கள் என்று துக்ளக் எழுதியதும், அரசு அந்த இதழைப் பறிமுதல் செய்ததும், தொடங்கி ஒரே வருஷமான பத்திரிகையின் பெயர் அதனாலேயே பட்டிதொட்டி வரை போனதும் உங்களுக்கே தெரிந்திருக்கும். கறுப்புக்கொடி காட்ட வந்தவர்கள்தான் முதலில் செருப்பை வீசினார்கள் என்பது கழகத்தார் பக்கக் கதை. நேரில் இருந்த ஆளாயிற்றே என்று அப்பாவிடம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். "நான் கடைசில வந்தேன்டா. முன்னாடி போனவன் முதுகுதான் தெரிஞ்சுது" என்பார். கூடவே, "அத்தனையும் எழுதினாங்களே, அந்த எலெக்‌ஷன்ல எங்களுக்கு எத்தனை சீட்டு? 184!" என்று அவரே கேட்டு அவரே பதில் சொல்லிக்கொள்வார்.

எங்கள் எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் ஒருவர் இருந்தார். அக்கிரகாரத்து ஆள், துக்ளக் சந்தாதாரர். படிக்கும்போதே கையில் சிவப்புப் பேனா இருக்கும். ஒற்று விட்டுப்போன இடம், எழுத்துப் பிழை எல்லாவற்றையும் சுழித்து வைத்துவிட்டுத்தான் அடுத்த பக்கம். முடித்ததும் இதழ் எங்கள் வீட்டுக்கு வரும். அப்பா திண்ணையில் உட்கார்ந்து அட்டையிலிருந்து கடைசிப் பக்கம் வரை திட்டிக்கொண்டே படிப்பார். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் அதைத் திருப்பிக் கொடுக்கப் போனால் ராத்திரி சாப்பாட்டுக்குத்தான் வருவார். இருபத்தைந்து வருஷம் இப்படியே ஓடியது. அப்பா ஆயுசில் யாரையும் 'சாமி' என்று கூப்பிட்டதில்லை, இவரையும் 'போஸ்ட்மாஸ்டரே' என்றுதான். அவர் அப்பாவை 'தலைவரே' என்பார், அதில் எத்தனை சதவீதம் நக்கல் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அந்த டிசம்பரில் நான் ஓசூரில் வேலையில் இருந்தேன். ஜெயலலிதா இறந்து இரண்டு நாள். 500, 1,000 செல்லாது என்று அறிவித்து ஒரு மாசம். ஏடிஎம் வரிசையில் எனக்கு முன்னால் நாற்பது பேர். போனைத் திறந்தால் சோ காலமானார், வயது 82 என்று செய்தி. வேறு வேலை இல்லை, தட்டினேன்:

"முந்தாநாள் அம்மா, இன்னிக்கு ஆலோசகர். மேல போயும் ஆட்சி அமைக்கனும்ல."

மெஷினில் என் முறை வருவதற்குள் நூறு லைக் தாண்டிவிட்டது. நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது, அதை மறைப்பானேன்.

சாயந்திரம் அப்பா போன் செய்தார். காலையிலிருந்தே போஸ்ட்மாஸ்டர் வீட்டில்தான் இருந்திருக்கிறார். "அவங்க வீட்ல டிவி சத்தம் கூட இல்லடா, சும்மா ஒக்காந்துட்டு இருந்தோம்" என்றார். போஸ்ட்மாஸ்டரின் பெண்ணும் நானும் ஒரே பள்ளிக்கூடம், பேஸ்புக்கில் நட்பில் இருக்கிறாள் என்பதை நான் யோசிக்கவே இல்லை. அவள் போனைப் பார்த்து முகம் சுண்ட, பெரியவர் என்னவென்று கேட்க, அவள் ஒன்றுமில்லை என்று சொல்ல, "நம்ம பையன் எழுதினதா? கொடு, தலைவர் படிக்கட்டும்" என்று போனை வாங்கி அப்பாவிடமே நீட்டியிருக்கிறார். அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்தக் கூடத்தில், என் பதிவைச் சத்தமாக வாசித்திருக்கிறார்.

"என்ன சொன்னாரு?" என்று கேட்டேன்.

"ஒன்னும் சொல்லல. 'அமைக்கணும்' 'அமைக்க வேண்டும்'ல இருந்து வர்றது, மூணு சுழி ண போடச் சொல்லுங்கன்னாரு. மாத்திடு."

அவ்வளவுதான். போனை வைத்துவிட்டார். அப்பா அடித்திருந்தால் கூட அந்த அளவுக்குக் காது சுட்டிருக்காது. எனக்கு அரசு வேலைக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தவர் அந்த மனிதர். என் எழுத்துப் பிழையைத் திருத்துவது அவருக்குப் புதிதில்லை.

இந்த மாதிரிக் கேள்வி வந்தாலே ராஜாஜி இறந்தபோது பெரியார் சுடுகாட்டுக்கு வந்து அழுதார் என்று யாராவது பதில் எழுதுவார்கள், பாருங்கள். அது அரை நூற்றாண்டு நட்பு. எனக்கும் சோவுக்கும் என்ன நட்பு? நான் ஏன் அழ வேண்டும்? அழுதிருந்தால் அதுதான் நடிப்பு. அவரை விமர்சித்து எழுதியிருந்தால் கூட எனக்கு உறுத்தியிருக்காது. போஸ்ட்மாஸ்டரே ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சண்டை போடுவார். நான் போட்டது விமர்சனம் இல்லை, வரிசையில் நிற்கிற அலுப்பு. அது சோவுக்குக் கேட்கப்போவதில்லை. சேலத்தில் ஒரு கூடத்தில் கேட்டது.

போஸ்ட்மாஸ்டர் 2018இல் போய்விட்டார். அதற்கப்புறம் அப்பாவுக்கு துக்ளக் இல்லை. காசு கொடுத்து வாங்க கௌரவம் இடம் கொடுக்கவில்லை. கிளை நூலகத்துக்குப் போனார். அங்கே இரண்டு செய்தித்தாள், போன மாதத்து வார இதழ் ஒன்று, ஓடாத ஒரு மின்விசிறி. கேட்டால் நிதி இல்லை என்கிறார்கள்.

கடைசியில் ஒன்று விட்டு ஒரு வாரம் நானே வாங்கிக் கொடுத்தேன். 2020 பொங்கல் சமயம் துக்ளக் பொன்விழாவில் ரஜினி பேசினாரே, முரசொலி வைத்திருந்தால் திமுககாரர், துக்ளக் வைத்திருந்தால் அறிவாளி என்கிற அர்த்தத்தில். அதோடு அந்தச் சேலம் ஊர்வலத்தையும் இழுத்து ஊரே இரண்டுபட்டது. அப்பா டிவி முன்னால் எழுந்து நின்றுவிட்டார். "ரெண்டையும் வச்சிருக்கேன், நான் யாருடா?" போன் போட்டு இதைச் சொல்ல ஆளில்லாமல் என்னிடம் மூன்று தடவை சொன்னார்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். பதிவை நீக்கச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. நானே நீக்கவில்லை. அன்று ராத்திரி 'ன'வை 'ண' ஆக்கினேன், மறுநாள் 'எனக்கு மட்டும்' என்று மாற்றி வைத்தேன். வருஷா வருஷம் டிசம்பர் 7 காலையில் பேஸ்புக் அதை நினைவுகளில் எடுத்துக் காட்டுகிறது. முகத்தைத் திருப்பிக்கொண்ட அந்த ஒருத்தர் உங்களுக்கு யார்? அதைச் சொல்லுங்கள், மீதியைக் கமென்டில் பேசுவோம்.