கோழியை வாங்கிக்கொள், மகளே

கேள்வி: அன்புள்ள சிஸ்டர், எனக்கு 26 வயது. தூத்துக்குடி பக்கம் ஒரு கடற்கரைக் கிராமம். நர்சிங் முடித்துவிட்டுச் சபையில் சேர்ந்தேன். போன மாதம் தான்சானியாவில், முவான்சாவுக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் மடத்துக்கு அனுப்பினார்கள். ஊரில் பூசை வைத்து, மாலை போட்டு, ஃப்ளெக்ஸ் அடித்து வழியனுப்பினார்கள். இங்கே வந்து பார்த்தால் நான் எதற்கும் உதவாதவளாக இருக்கிறேன். சுவாஹிலி வாயில் நுழையவில்லை, பேசினால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அன்பியக் கூட்டம், அதாவது அக்கம்பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களின் ஜெபக் கூட்டம், ‘ஸா டாட்டு’ என்றார்கள். மூன்று மணி என்று புரிந்துகொண்டு மதியம் போய் நின்றேன், கூட்டம் காலையிலேயே முடிந்திருந்தது. மருந்தகத்திலும் என்னை ஓரமாக உட்கார வைத்திருக்கிறார்கள். போன வாரம் ஒரு ஏழை விதவையின் வீட்டுக்குப் போனோம். கிளம்பும்போது ஒரு கோழியின் காலைக் கட்டி என் கையில் கொடுத்தார். அவர் நிலைமையைப் பார்த்துவிட்டு வாங்க மனம் வரவில்லை, திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர் முகம் வாடிவிட்டது. கூட வந்த சிஸ்டர் வழியெல்லாம் பேசவில்லை. நான் செய்ததில் என்ன தப்பு? அம்மா தினமும் போனில் அழுகிறார். திரும்பி வந்துவிடட்டுமா?
- பெயர் வேண்டாம், முவான்சா

பதில்: அன்பு மகளே,

கோழியிலிருந்தே தொடங்குகிறேன். நீ எழுதியிருக்கும் மற்ற கவலைகளுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

நீ இருப்பது சுகுமா மக்களின் நாடு. வீட்டுக்கு முதல்முறை வந்த விருந்தாளியை வெறுங்கையோடு அனுப்ப அவர்களுக்கு மனம் வராது. கோழி இருந்தால் கோழி. இல்லாவிட்டால் நாலு முட்டை, கொஞ்சம் நிலக்கடலை, ஒரு பை சர்க்கரைவள்ளிக் கிழங்கு. நான் அந்தப் பக்கத்து மருந்தகத்தில் வேலை பார்த்த காலத்தில் இப்படிக் கொடுத்துவிடாத வீட்டை நான் பார்த்ததே இல்லை. அந்த அம்மாவை யோசித்துப் பார். கணவன் இல்லை. வருகிறவர்கள் எல்லோரும் உதவி செய்யவோ, விசாரிக்கவோ வருகிறார்கள். அன்றைக்கு ஒருநாள் அவர் கொடுக்கிற இடத்தில் நின்றார், வீட்டின் தலைவியாக. நீ வேண்டாம் என்றதும் மறுபடி இல்லாதவர் ஆகிவிட்டார். இரக்கத்தில்தான் செய்தாய், எனக்குத் தெரியும். ஆனால் அந்த இரக்கம் அவருடைய வறுமையை அவர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டது. உன் வீட்டுக்கு வந்த சாமியாருக்கு உன் அம்மா மீன் குழம்பு வைத்து இலை போடும்போது, ‘உங்களுக்கே கஷ்டம், எனக்கு வேண்டாம்’ என்று அவர் எழுந்து போனால் அம்மாவுக்கு எப்படி இருந்திருக்கும்?

இதைச் சரிசெய்ய முடியும், அதுவும் எளிதாக. அதே சிஸ்டரோடு அந்த வீட்டுக்கு மறுபடி போ. சர்க்கரை, சோப்பு என்று எதையும் எடுத்துப் போகாதே, பதிலுக்குப் பதில் கொடுத்தது போலாகிவிடும். போய் உட்கார். கை கழுவ அவர் தண்ணீர் ஊற்றினால் கையை நீட்டு. சோள மாவில் கிளறிய உகாலிக் களியும் கீரையும் வைத்தால் வலது கையால் உருட்டிச் சாப்பிடு. ஏரியில் பிடித்துக் காயவைத்த டகா கருவாடு கிடைத்தால் உனக்கு அது அந்நியமாகவே இருக்காது, நெத்திலி தின்று வளர்ந்தவள் நீ. கோழியை மறுபடி கொடுத்தால் இரண்டு கையாலும் வாங்கிக்கொள், ‘அசாந்தே சானா’, மிக்க நன்றி, என்று சொல். கோழியை மடத்துக் கூண்டில் விடுவீர்களோ குழம்பு வைப்பீர்களோ, அது உங்கள் மதரின் விஷயம்.

லூக்கா நற்செய்தியின் 10-ஆம் அதிகாரத்தை மறுபடி எடுத்துப் படி. சீடர்களை ஊர் ஊராக அனுப்பும்போது இயேசு பணப்பை வேண்டாம் என்கிறார். ஏற்றுக்கொள்கிற வீட்டிலேயே தங்கி, அவர்கள் கொடுப்பதைச் சாப்பிடச் சொல்கிறார். நோயாளிகளைக் குணமாக்குவது அதற்கு அடுத்துத்தான் வருகிறது. இந்த வரிசையை நான் மிகவும் மதிக்கிறேன். நம்மில் பலர் அதை மாற்றிப் போட்டுக்கொண்டு விமானம் ஏறுகிறோம். ஃப்ளெக்ஸும் மாலையும் அந்த எண்ணத்தை இன்னும் வளர்த்துவிடுகின்றன. கொடுக்கத்தான் போகிறோம் என்று நினைத்துப் போனவளுக்கு, பேச்சு முதல் சோறு வரை எல்லாவற்றையும் பிறரிடம் வாங்க வேண்டியிருப்பது கஷ்டமாகத்தான் இருக்கும். உதவாதவள் என்று நீ எழுதியிருப்பது அந்தக் கஷ்டத்தைத்தான். இந்த முதல் மாதங்களில் உனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் ஊழியமே வாங்கிக்கொள்வதுதான் என்று வைத்துக்கொள்.

பிள்ளைகள் சிரிப்பதைப் பற்றி எழுதியிருந்தாய். உன் ஊர்க் கடற்கரைக்கு 1542-இல் வந்த புனித சவேரியாருக்கும் தமிழ் தெரியாது. இரண்டு மொழியும் தெரிந்தவர்களைக் கூட்டி வைத்து, சிலுவை அடையாளத்தையும் விசுவாசப் பிரமாணத்தையும் பரலோக மந்திரத்தையும் தமிழில் மாற்றி மனப்பாடம் செய்தார். அப்புறம் கையில் மணியை ஆட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். கடைசிவரை அவருக்குச் சரளமான தமிழ் வரவில்லை. தரங்கம்பாடிக்கு 1706 ஜூலையில் வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்குவும் அப்படித்தான், உன்னைவிடச் சின்ன வயது அவருக்கு. அங்கிருந்த டேனிஷ் கோட்டையின் தளபதிக்கு அவர் வந்ததே பிடிக்கவில்லை. ஒரு முதிய தமிழ் ஆசிரியரின் பள்ளியைத் தம் வீட்டிலேயே நடத்தச் செய்து, சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுத்துப் பழகினார். 1715-இல் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சாகி முடிந்தது என்றால் அதற்குத் தொடக்கம் அந்த மணல். அவர் லூத்தரன், நாம் கத்தோலிக்கர், இருக்கட்டும். பிள்ளைகளைவிட நல்ல ஆசிரியர் கிடையாது. அவர்கள் தப்பை விட்டுவைக்க மாட்டார்கள், மனதில் வைத்துக்கொள்ளவும் மாட்டார்கள். தினமும் சாயங்காலம் அரை மணி நேரம் அவர்களோடு உட்கார். கல், இலை, ஆடு என்று ஒவ்வொன்றாகக் காட்டிப் பெயர் கேள்.

இது போதாது, முறையான படிப்பும் வேண்டும். மூசோமாவில் கத்தோலிக்கர் நடத்தும் மாக்கோக்கோ மொழிப்பள்ளி இருக்கிறது, மொரோகோரோவில் லூத்தரன்களுடையது இருக்கிறது. அங்கே போகாமல் நேராக வேலையில் இறங்குவதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன். மடத்தில் ஆள் பற்றாக்குறை என்று தள்ளிப்போட்டால், உங்கள் சபையின் மாநிலத் தலைவிக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுது. அங்கே படிக்கும் சில மாதங்கள் உன் மீதி வருடங்களைக் காப்பாற்றும்.

நேரக் குழப்பம் எல்லோருக்கும் வருவது. சுவாஹிலிக்காரர்கள் காலை ஆறு மணியிலிருந்து எண்ணுவார்கள். அவர்களுடைய ஒரு மணி நம் ஏழு, மூன்று மணி நம் ஒன்பது. நிலநடுக்கோட்டுக்கு அவ்வளவு பக்கத்தில் வருடம் முழுக்கச் சூரியன் ஏறக்குறைய ஒரே நேரத்தில் உதிப்பதால் இது அங்கே பொருந்திப்போகிறது. நம் முன்னோரும் உதயத்திலிருந்து நாழிகை எண்ணியவர்கள்தான். யாராவது நேரம் சொன்னால், காலையா மாலையா என்று கேட்டுவிட்டு ஆறைக் கூட்டிக்கொள்.

வணக்கம் சொல்வதை மட்டும் அவசரப்படுத்தாதே. வயதில் மூத்தவர் யாராக இருந்தாலும், தெருவைக் கூட்டுகிறவராக இருந்தாலும், முதலில் ‘ஷிகாமோ’. ‘மராஹாபா’ என்று அவர் பதில் சொன்னபிறகு வீடு, பிள்ளைகள், வயல், வேலை எல்லாவற்றையும் விசாரி, காரியத்தை அப்புறம் பேசு. கிழவிகளிடம் சுகுமா மொழியிலேயே காலை வணக்கமாக ‘முவாங்கலுகா’ என்று சொல்லிப் பார், வீட்டுக்குள் இருப்பவர்கள்கூட வெளியே வருவார்கள். உனக்கு இதில் கூடுதல் அக்கறை வேண்டும். தலைமுறைகளாக அங்கே இந்தியர் என்றால் கடைக்காரர், பெரும்பாலும் குஜராத்தி வியாபாரி. கல்லாவுக்குப் பின்னால் நிற்கிற முகம் என்றுதான் முதலில் உன்னையும் பார்ப்பார்கள். மண் தரையில் பாய் விரித்து நீ உட்காரும்போதுதான் அந்தப் பார்வை மாறும். நேரம் கிடைத்தால் முவான்சாவுக்குப் பக்கத்தில் புஜோராவுக்குப் போய் வா. கனடாவிலிருந்து வந்த டேவிட் கிளெமென்ட் என்ற குருவானவர் தொடங்கிய சுகுமா அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது. அரசர்களின் முரசுகளையும் ஆட்டங்களையும் எவ்வளவு மதித்தார் என்று அங்கே நின்றால் புரியும்.

மருந்தகத்தில் உன்னை ஓரமாக உட்கார வைத்திருக்கிறார்களே, அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. அந்த நாட்டு நர்சிங் கவுன்சிலில் பதிவாகாமல் நீ ஊசியைத் தொடக்கூடாது. நோயாளி வயிறு என்கிறாரா நெஞ்சு என்கிறாரா என்று புரியாமல் மருந்து கொடுப்பது ஆபத்து. அந்த நாற்காலியில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்கார். வலி, காய்ச்சல், பேதி, எத்தனை நாளாக, இந்தச் சொற்கள் எல்லாம் காதில் விழுந்துகொண்டே இருக்கும்.

உன் உடம்பைப் பற்றி ஒரு நர்ஸாகவும் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் ஊரில் நீ பார்த்த மலேரியா பெரும்பாலும் வைவாக்ஸ் வகையாக இருந்திருக்கும். அங்கே ஃபால்சிபாரம் வகை, அது ஒரே நாளில் மூளையைப் பாதித்துவிடும். அங்கேயே பிறந்து வளர்ந்த பெரியவர்களுக்கு ஓரளவு தாங்கும் சக்தி உண்டு, உனக்கு இல்லை. கொசுவலை இல்லாமல் ஓர் இரவுகூடப் படுக்காதே. காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை, பயணக் களைப்பு என்று தள்ளிப்போடாதே. தான்சானியக் கடற்கரையில் பாகமோயோ என்ற ஊரில் 1868-இல் மிஷன் தொடங்கிய தூய ஆவி சபையாரின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அங்கே இளம் வயதிலேயே காய்ச்சலில் போனவர்கள் படுத்திருக்கிறார்கள். அவர்களுக்கு மருந்து இல்லை, உனக்கு இருக்கிறது. இன்னொன்று: கடற்கரைப் பெண் நீ, விக்டோரியா ஏரியைப் பார்த்ததும் கால் நனைக்கத் தோன்றும். வேண்டாம். கரையோரத் தண்ணீரில் நத்தைகள் வழியாகப் பில்ஹார்சியா நோயின் கிருமி இருக்கிறது, தோல் வழியாகவே உள்ளே போய்விடும்.

பணம் கேட்டு வருவார்கள். தனியாக, ரகசியமாகக் கொடுக்காதே, மடத்தின் வழியாகவே செய். அங்குள்ள பிள்ளைகளின் கிழிந்த சட்டையைப் படம் எடுத்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போடுவதை மட்டும் செய்யவே செய்யாதே. யார் கேட்டாலும், நன்கொடைக்காகவே கேட்டாலும் சரி. உன் தம்பியை யாராவது அப்படிப் படம் பிடித்தால் சம்மதிப்பாயா?

திரும்பி வருவதைப் பற்றி இப்போது முடிவெடுக்காதே. மொழிப்பள்ளியை முடி, அப்புறம் சில மாதம் வேலை பார், அதன்பிறகும் இதே எண்ணம் இருந்தால் தலைவியிடம் பேசு. அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. அதற்கு முன்பே வாரக்கணக்கில் தூக்கம் வராமல், சாப்பாடு இறங்காமல், காலையில் எழவே முடியாமல் போனாலோ, யாராவது உன்னிடம் தவறாக நடந்தாலோ, ஒருநாள்கூடக் காத்திருக்காமல் சொல்லிவிடு. ஊரில் அடித்த ஃப்ளெக்ஸுக்காக நீ அங்கே இருக்க வேண்டியதில்லை. ஜெபம் வறண்டுவிட்டது போல இருந்தால் ஜெபமாலையைத் தமிழிலேயே சொல், மாதாவுக்குப் புரியும்.

அம்மாவோடு தினமும் பேசுவதைக் குறைத்துக்கொள். இரண்டு பேருக்கும் ஆறவேண்டிய புண் அது. வாரம் இரண்டு நாள் என்று வைத்து, சொன்ன நேரத்தில் தவறாமல் கூப்பிடு. உனக்கு மாலை ஐந்து மணி என்றால் ஊரில் ஏழரை, ஜெபம் முடிந்திருக்கும். ‘நல்லா இருக்கேன்’ என்று மட்டும் சொல்லி வைத்துவிடாதே, அவர் நம்ப மாட்டார். சோள மாவைக் கட்டி விழாமல் எப்படிக் கிளறுகிறார்கள், அங்கே மீன் என்ன விலை, எந்தப் பிள்ளை உனக்கு எந்த வார்த்தையைச் சொல்லிக்கொடுத்தது, இதையெல்லாம் சொல். அவர் குறுக்கே குறுக்கே கேள்வி கேட்பார், அழுகைக்கு நேரம் இருக்காது.