கீரையின் பெயரில் ஒரு கிளப்: ஃபெர்ரோவின் கதை

போகா, ரிவர் என்ற இரு பெரிய கிளப்புகள் தவிர, அர்ஜென்டினாவில் கீழ் டிவிஷனில் ஆடும் ஒரு கால்பந்து கிளப்பின் வரலாற்றைச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு உடனே நினைவுக்கு வருவது ஃபெர்ரோ கரில் ஓஎஸ்தே. பெயருக்கு அர்த்தமே மேற்கு ரயில்வே. 1904 ஜூலை 28 அன்று புவெனஸ் ஐரிஸில் அந்த ரயில்வேயின் ஊழியர்கள் ஆரம்பித்தது. கபாயிட்டோ பகுதியில், தண்டவாளத்தை ஒட்டி, 1905-இல் திறந்த அதே மைதானத்தில்தான் இன்றும் ஆடுகிறார்கள். பச்சைச் சட்டை என்பதால் பட்டப்பெயர் ‘வெர்தொலாகா’. நாம் கடைந்து சாப்பிடும் பருப்புக்கீரைக்கு ஸ்பானிஷில் அதுதான் பெயர்!

பல காலம் மேலே ஏறுவதும் கீழே இறங்குவதுமாகவே ஓடியது. 1980-இல் கார்லோஸ் திமோத்தியோ கிரிகோல் பயிற்சியாளராக வந்தார். எனக்கு மிகவும் பிடித்த மனிதர். அதே கிளப்பின் கூடைப்பந்து அணிக்கு லியோன் நஹ்நூடெல் பயிற்சியாளர். அர்ஜென்டினாவின் தேசிய கூடைப்பந்து லீக் உருவாக முக்கியக் காரணமானவர். எதிராளியை நெருக்குவது, சக வீரருக்காக வழி மறித்துக் கொடுப்பது என்று கூடைப்பந்து உத்திகளைப் பார்த்துப் பார்த்துக் கிரிகோல் கால்பந்துக்குக் கொண்டுவந்தார். இளம் வீரர்களிடம், “முதலில் வீடு வாங்கு, கார் அப்புறம்” என்பாராம். ஒரு தகப்பன் பேசுகிற பேச்சு அது.

1981-இல் மரடோனா ஆடிய போகாவிடம் ஒரே ஒரு புள்ளியில் பட்டம் போனது. அந்த ஆண்டு கோல்கீப்பர் பாரிசியோ 1,075 நிமிடங்கள் கோலே வாங்காமல் நின்றார். மறு ஆண்டு நாசியோனால் என்ற தேசியப் பட்டத்தை ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் வென்றார்கள். பின்னாளில் பயிற்சியாளராக ஸ்பெயினின் வாலென்சியா கிளப்பை இரண்டு முறை ஐரோப்பாவின் சாம்பியன்ஸ் லீக் இறுதிக்குக் கூட்டிப் போன எக்தோர் கூப்பெர் அந்த அணியின் தடுப்பாட்டக்காரர். 1984-இல் மறுபடி பட்டம். இறுதியில் ரிவரை அதன் சொந்த மைதானத்திலேயே 3-0 என்று அடித்தார்கள். ஒரு பேட்டைக் கிளப் இதைச் செய்தது என்று நினைத்தால் இன்றும் எனக்குப் புல்லரிக்கிறது.

சரி, அப்படிப்பட்ட கிளப் கீழே போனது எப்படி? கடன்தான். கிரிகோல் கிளப்பை விட்டுப் போன பிறகு அணி தேய்ந்துகொண்டே வந்தது. 1998-99 பருவத்தில் 875 நிமிடங்கள் ஒரு கோல்கூட அடிக்க முடியவில்லை. ஒருகாலத்தில் கோல் வாங்காததற்குப் பெயர் பெற்ற கிளப்புக்கு இப்படி ஒரு நிலை. 2000-இல் முதல் டிவிஷனிலிருந்து இறங்கியது, அடுத்த ஆண்டே மூன்றாவதுக்கும் போனது. 2002-இல் நீதிமன்றம் திவால் என்று அறிவித்தது.

2003-இல் இரண்டாம் டிவிஷனுக்கு ஏறியது. 2014-இல் திவால் நீங்கி, கிளப் மறுபடி உறுப்பினர்கள் கைக்கு வந்தது. முதல் டிவிஷன் மட்டும் இன்னும் எட்டவில்லை. கிரிகோல் 2021-இல் காலமானார். ஃபெர்ரோ திரும்ப மேலே ஏறுவதை அவர் பார்க்காமலே போனதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.