மாஸ்டர் பிளானில் மாட்டிய நிலம்: கேள்வி-பதில்

கேள்வி: 1999 முதல் மாவு மில் நடத்துகிறோம். புதிய மாஸ்டர் பிளானில் (ஊரின் நிலப் பயன்பாட்டுத் திட்டத்தில்) எங்கள் தெரு குடியிருப்பு மண்டலமாகிவிட்டது. மூட வேண்டுமா?

பதில்: அவசரப்பட்டு மூடாதீர்கள். தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971, பிரிவு 47-ன்படி, திட்டம் அமலுக்கு வந்த நாளில் நிலம் எதற்கு, எந்த அளவுக்குப் பயன்பட்டதோ அந்த அளவில் தொடர அனுமதிக்கலாம். எத்தனை காலம், என்ன நிபந்தனை என்பதைத் திட்டமே சொல்லும். ஆக, இது நிரந்தர உரிமை அல்ல. பலர் சறுக்குவது அளவில்தான். பிறகு போட்ட ஷெட்டுக்கும் கூடுதல் மோட்டாருக்கும் இந்தப் பாதுகாப்பு கிடையாது. அந்தத் தேதிக்கு முந்தைய தொழில் உரிமம், சொத்து வரி ரசீது, மின் இணைப்பு ஆவணம் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி: என் மனைமீது 40 அடிச் சாலை போவதாக டி.டி.பி. (விரிவான வளர்ச்சித் திட்ட) வரைபடத்தில் இருக்கிறது. இருபது வருடமாகச் சாலையும் இல்லை, பணமும் இல்லை.

பதில்: அதே 1971 சட்டத்தின் பிரிவு 38 உங்களுக்கானது. பிரிவு 26 அல்லது 27-ன் கீழ் அரசிதழில் திட்டத் தயாரிப்பு அறிவிப்பு வந்து 3 ஆண்டுக்குள் கையகப்படுத்தும் பிரகடனம் வெளியாகவில்லை, பேசி வாங்கவும் இல்லை என்றால், அந்த ஒதுக்கீட்டிலிருந்து நிலம் விடுபட்டதாகவே கருதப்படும். ஆனால் வரைபடத்தில் கோடு அப்படியேதான் இருக்கும். அதைக் காட்டியே கட்டட அனுமதியை மறுப்பார்கள். முதலில் தகவல் உரிமைச் சட்டத்தில் அரசிதழ் தேதி, வரைபட நகல், பிரகடனம் வந்ததா என்ற விவரம் கேளுங்கள். பிறகு திட்டக் குழுமத்துக்கு எழுத்து மூலம் மனு. பதில் இல்லையென்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. இடையில் அந்தத் துண்டைச் சாலைக்காகத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டால் பிரிவு 38 கைகொடுக்காது.

கேள்வி: விவசாய மண்டலம் ஆக்கியதால் விலை இறங்கியது. இழப்பீடு?

பதில்: வெறும் விலைச் சரிவுக்குப் பணம் எதிர்பார்க்காதீர்கள். நில வகைப்பாடு மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள்.

கேள்வி: 2013 நிலம் கையகப்படுத்தும் சட்டப்படி எடுத்த நிலத்துக்குத் தீர்வத் தொகை (கலெக்டர் நிர்ணயித்த இழப்பீடு) குறைவு. வாங்கலாமா?

பதில்: வாங்குங்கள், ஆனால் 'ஆட்சேபத்துடன்' என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். அப்படி எழுதாமல் வாங்கினால் கூடுதல் கேட்கும் வழி அடைபடும். தீர்வம் சொன்னபோது நேரில் இருந்தால் 6 வாரத்துக்குள் அந்தச் சட்டத்தின் பிரிவு 64-ன் கீழ் கூடுதல் இழப்பீடு கேட்டு மனு கொடுக்க வேண்டும். 100 சதவீத ஆறுதல் தொகை (கட்டாயமாக எடுப்பதற்காக இழப்பீட்டுக்கு மேல் தருவது) சேர்ந்திருக்கிறதா, கிணறு, மரம், கட்டடம் விட்டுப்போயிருக்கிறதா என்றும் பாருங்கள்.