பருக்காத தேக்கு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி (தஞ்சை மாவட்ட வாசகர்): ஒரு ஏக்கரில் 2 மீட்டருக்கு ஒன்றாகத் தேக்கு நட்டு 9 வருடம் ஆகிறது. இதுவரை ஒரு மரமும் வெட்டவில்லை. மரம் உயர்ந்துகொண்டே போகிறது, ஆனால் இரண்டு மூன்று வருடமாகச் சுற்றளவு ஏறவே இல்லை. என்ன உரம் போடலாம்?

பதில்: உரத்தைத் தள்ளி வையுங்கள். உங்கள் தோப்பில் பற்றாக்குறை வெளிச்சத்துக்குத்தான். 2 மீட்டர் இடைவெளி என்றால் ஏக்கருக்கு ஏறத்தாழ 1,000 மரம். நல்ல மண்ணில் நாலைந்து வருடத்திலேயே தலைகள் ஒன்றோடொன்று முட்டிவிடும். அதன்பிறகு மரம் தான் சமைக்கும் உணவை முதலில் இலைக்கும் வேருக்கும் உயரத்துக்கும் கொடுக்கிறது. மிச்சம் இருந்தால்தான் தண்டு பருக்கும். நெருக்கத்தில் மிச்சமே இருப்பதில்லை. அதனால்தான் உயரம் நிற்காமல் ஏற, பருமன் மட்டும் நின்றுபோனது.

முதல் நெருக்கம் கலைப்பை (இடையிடையே மரத்தை வெட்டி மற்றவற்றுக்கு இடம் விடுவதை) நாலு, ஐந்தாம் வருடத்திலும் அடுத்ததை எட்டு, பத்தாம் வருடத்திலும் செய்திருக்க வேண்டும். இப்போது தவறியதைச் சரிக்கட்ட ஒரே மூச்சில் பாதி மரத்தை வெட்டிவிடாதீர்கள். 12 மீட்டர் உயரமும் 38 செ.மீ. சுற்றளவும் உள்ள ஒரு மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் குறுக்களவு 12 செ.மீ., அதாவது உயரம் குறுக்களவைப்போல 100 மடங்கு. பக்கத்து மரத்தில் சாய்ந்தே பழகிய இந்த ஒல்லித் தண்டுகள் திடீரென்று தனியே நின்றால் காற்றில் வளையும், விழும். சட்டென்று வெயில் பட்ட தண்டில் பக்கச்சிம்புகளும் வெடித்துக் கிளம்பும். அவற்றைப் பச்சையாக இருக்கும்போதே தேய்த்து எடுக்காவிட்டால் ஒவ்வொன்றும் பலகையில் ஒரு கணு.

இந்த வருடம் மூன்றில் ஒரு பங்கு, பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு என்று எடுங்கள். 15 வயதுக்குள் 250 முதல் 300 மரத்துக்கு வந்துவிடலாம்.

மரத்தைத் தேர்ந்தெடுப்பதை இலை இருக்கும்போதே, டிசம்பர், ஜனவரியில் முடித்துவிடுங்கள். இலை உதிர்ந்தபின் எந்தத் தலை எதை நெருக்குகிறது என்று தெரியாது. வெட்டுவதை உதிர்ந்தபின் செய்யலாம். முதலில் நிற்க வேண்டிய மரங்களுக்கு நீலப் பெயின்ட் அடியுங்கள்: நேர்த் தண்டு, கவை இல்லாமை, உயரத்தில் மூன்றில் ஒரு பங்காவது பச்சைத் தலை. பிறகு அந்த மரத்தின் தலையை எது இடிக்கிறதோ அதற்கு வெட்டுக் குறி. வளைந்தது, நோஞ்சான் எல்லாம் இதோடு போகட்டும். 'பருத்ததை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்' என்று வரும் வியாபாரிக்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். மிஞ்சும் நோஞ்சான்கள் தேறுவது அரிது. தேக்கு அடிக்கட்டை விடாமல் துளிர்க்கும் என்பதால் அந்தத் துளிரையும் அவ்வப்போது ஒடித்துவிட வேண்டும்.

பலன் தெரிய, 1.37 மீட்டர் உயரத்தில் பெயின்ட் கோடு போட்டு, வருடா வருடம் ஒரே மாதத்தில் அதே கோட்டில் டேப் பிடியுங்கள்.

ஒரு எச்சரிக்கை. மழைக்காலத்தில் தோப்பில் தண்ணீர் தேங்கினால் கலைப்பு மட்டும் போதாது. தேக்கு வேர் தேங்கிய நீரைத் தாங்காது. முதலில் வடிகால் வெட்டுங்கள்.

கேள்வி (திண்டுக்கல் வாசகர்): தண்ணீர் பாய்ச்சி வேகமாக வளர்த்த தேக்கில் வலு இருக்காது என்கிறார் எங்கள் ஆசாரி. உண்மையா?

பதில்: ஆசாரி கண்டது சரி, சொன்ன காரணம்தான் வேறு. தேக்கின் வெட்டு முகத்தை இழைத்து, ஈரத் துணியால் துடைத்துப் பாருங்கள். ஒவ்வொரு வளையமும் பெரிய துளைகளின் வரிசையோடு தொடங்கி, அடர்ந்த நார்ப்பகுதியோடு முடியும். வளர்ச்சி வேகமாகும்போது பெரும்பாலும் அகலமாவது அந்த நார்ப்பகுதிதான். ஆகவே வேகத்தால் மட்டும் அடர்த்தி குறைவதில்லை.

குறைவது வயதால். நடுக்குருத்தைச் சுற்றி முதல் பதினைந்து, இருபது வருடம் உருவாகும் மரம் இளமரம். அதன் நார் குட்டை, காயும்போது முறுக்கும். இன்னொன்று வைரம், அதாவது தண்டின் நடுவே நிறம் ஏறி முற்றிய பகுதி. 25 செ.மீ. குறுக்களவுள்ள கட்டையில் சுற்றிலும் 4 செ.மீ. வெள்ளை (இன்னும் வைரமாகாத வெளிப்பகுதி) இருந்தால் வைரத்தின் குறுக்களவு 17 செ.மீ.தான். பரப்பில் கணக்கிட்டால் 46 சதவீதம். அதே வெள்ளையோடு கட்டை 40 செ.மீ. ஆனால் வைரம் 64 சதவீதம். கரையானைத் தடுக்கும் குயினோன் வகைப் பொருள்கள் வைரத்தில்தான் இருக்கின்றன. வெள்ளையில் மாவுச்சத்து இருப்பதால் வண்டு உளுத்துவிடும். இளந்தேக்கை வீட்டுக்குள் பயன்படுத்துவதானால், ஈரம் இருக்கும்போதே போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் ஊறப்போடுங்கள். மழை படும் இடத்தில் அந்த மருந்து கரைந்து போய்விடும்.

கேள்வி (தென்காசி வாசகர்): வியாபாரி சுற்றளவை நாலால் வகுத்துக் கன அடி போடுகிறார். இது ஏமாற்று இல்லையா?

பதில்: இல்லை, பழைய வணிக முறை. நடுச்சுற்றளவு 3 அடி, நீளம் 10 அடி என்றால் 0.75 × 0.75 × 10 = 5.63 கன அடி. உருளைக் கணக்கில் 7.16 வரும். அறுவையில் போகும் சேதாரத்துக்காக விட்டுக்கொடுக்கப்படும் பங்கு அந்த வித்தியாசம், விலையும் அதற்கேற்பவே பேசப்படுகிறது. நீங்கள் கண் வைக்க வேண்டியது டேப்பில். 36 அங்குலத்தை 34 என்று எழுதினால் 5.02 கன அடிதான் வரும். இரண்டு அங்குலத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடுகிறது! பட்டையோடு அளப்பதா, உரித்தா என்பதையும் முன்பே பேசிவிடுங்கள்.

கேள்வி (கோவை வாசகர்): தேக்கு இலையைப் புழு சல்லடையாக்கிவிட்டது. மருந்து அடிக்கலாமா?

பதில்: எந்தப் புழு என்று பாருங்கள். நரம்பு வலை மட்டும் மிஞ்சியிருந்தால் அது இலை அரிப்பான். இலை முற்றியபின் வருவதால் பெரிய நஷ்டமில்லை, விட்டுவிடலாம். நடுநரம்பைத் தவிர இலை முழுவதும் போயிருந்தால் இலைத்தின்னி. முதல் மழைக்குப்பின் வரும் இளந்தளிரைத்தான் அது தேடி வரும். நிலம்பூரின் இளந்தேக்குத் தோட்டங்களில் கேரள வன ஆராய்ச்சி நிலையம் செய்த ஆய்வில், இதனால் மரம் போட்டிருக்க வேண்டிய கன அளவு வளர்ச்சியில் 44 சதவீதம் இழப்பு என்று தெரிந்தது. மரம் சாகாது, ஆனால் பருக்காது. அந்த நிலையத்தினரே இந்தப் புழுவை மட்டும் கொல்லும் வைரஸ் கரைசலையும் உருவாக்கினார்கள். புழு சிறிதாக இருக்கும்போது அடித்தால்தான் பலன். எனவே தளிர் விடும் வாரங்களில் இரண்டு நாளைக்கு ஒருமுறையாவது தோப்புக்குள் போய், இளந்தளிரின் ஓரம் மடிந்திருக்கிறதா என்று பாருங்கள். குட்டிப் புழு அந்த மடிப்புக்குள்தான் இருக்கும்.