பெட்டியில் பென்குயின் படம் போதுமா?

கேள்வி: யூஎஸ்பி வைஃபை டாங்கிள் ஒன்று வாங்கினேன். பெட்டியிலேயே பென்குயின் படம் போட்டு, லினக்ஸில் வேலை செய்யும் என்று அச்சடித்திருந்தது. உபுண்டு லினக்ஸில் செருகினால் ஒன்றும் வரவில்லை. கூட வந்த சிடியில் இருந்த சோர்ஸ் கோடை கம்பைல் செய்தால் பக்கம் பக்கமாக எரர். நான் எங்கே தப்பு செய்தேன்?
(வாசகர், திருச்சி)

பதில்: உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. சிடியில் இருந்தது டிரைவர், அதாவது டாங்கிளை இயக்கும் நிரல். அதை எழுதிய காலத்து கெர்னலில் (லினக்ஸின் மையப் பகுதி) அது ஓடியிருக்கும். ஆனால் ஒன்பது பத்து வாரத்துக்கு ஒருமுறை புது கெர்னல் வருகிறது, உள்ளே இருப்பவை மாறிக்கொண்டே இருக்கின்றன, கெர்னலோடு சேர்ந்திருக்கும் டிரைவர்களை அந்த மாற்றத்தைச் செய்கிறவர்களே கையோடு திருத்திவிடுகிறார்கள், சிடியில் கிடப்பதை யார் திருத்துவது? விற்ற கம்பெனிதான் செய்ய வேண்டும். அதுவோ அடுத்த மாடலுக்குப் போய்விட்டது. பென்குயின் படம் போட்டு விற்றுவிட்டு இப்படிக் கைவிடுவது எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது.

சரி, இப்போது என்ன செய்யலாம்? டாங்கிளைச் செருகி, டெர்மினலில் சின்ன எழுத்தில் எல்எஸ்யூஎஸ்பி (lsusb) என்று அடியுங்கள். ஐடி என்ற சொல்லுக்குப் பக்கத்தில் நாலு எழுத்து, ஒரு முக்காற்புள்ளி, மறுபடி நாலு எழுத்து வரும். முதல் நாலு தயாரிப்பாளரைச் சொல்லும், அடுத்த நாலு பொருளை. மாடல் பெயரை விட்டுவிட்டு அந்த எட்டு எழுத்தைத் தேடுங்கள், ஏனென்றால் ஒரே பெயரில், பின்பக்க ஸ்டிக்கரில் பொடி எழுத்தில் 'வி2' என்று மட்டும் போட்டு, உள்ளே வேறு சிப்பை வைத்து விற்பதும் உண்டு. திருப்பிக் கொடுக்க முடிந்தால் கொடுத்துவிட்டு, மீடியாடெக் எம்டி7612யூ சிப் உள்ளதாகப் பாருங்கள். அதன் டிரைவர் 2018இல் வந்த 4.19 கெர்னலிலிருந்தே உள்ளே இருக்கிறது. செருகினால் போதும்.

கேள்வி: லினக்ஸுக்கு எந்த பிரிண்டர் வாங்கலாம்?
(வாசகி, மதுரை)

பதில்: ஏர்பிரிண்ட் வசதி உள்ளதாக வாங்குங்கள். ஐபோன், ஐபேடுக்காக வந்ததுதான், ஆனால் லினக்ஸில் அச்சு வேலையைக் கவனிக்கும் கப்ஸ் என்ற மென்பொருளுக்கும் அது புரியும். பெரும்பாலும் தனி டிரைவர் தேவைப்படாது.

கேள்வி: கம்பெனிக்கு எழுதினால் காது கொடுப்பார்களா?
(வாசகர், சேலம்)

பதில்: கொடுத்திருக்கிறார்கள், ரொம்ப மெதுவாக. பிராட்காம் வைஃபை சிப்களுக்கு டிரைவர் இல்லாமல், தன்னார்வலர்கள் ரிவர்ஸ் இன்ஜினியரிங் செய்து, அதாவது சிப் எப்படி வேலை செய்கிறது என்று தாங்களே துருவிக் கண்டுபிடித்து, பி43 என்ற டிரைவரை எழுதினார்கள். அதற்கான ஃபர்ம்வேரை (சிப்புக்குள்ளேயே ஓடும் நிரல்) பிராட்காமின் வேறு டிரைவரிலிருந்து நாமே வெட்டி எடுத்துப் போட வேண்டியிருந்தது. அப்புறம் 2010 செப்டம்பரில் அந்தக் கம்பெனியே தன் புதிய சிப்களுக்குத் திறந்த மூல டிரைவரை, அதாவது யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய டிரைவரை, வெளியிட்டது. கிராஃபிக்ஸ் சிப் செய்யும் என்விடியா 2022 மே மாதம்தான் தன் டிரைவரின் கெர்னல் பகுதியைத் திறந்தது, கெர்னலுக்கு வெளியே ஓடும் பகுதி இன்னும் மூடியே இருக்கிறது.

அதனால் எழுதுங்கள். லினக்ஸ் சப்போர்ட் வேண்டும் என்று மொட்டையாக எழுதினால் இன்னொரு சிடிதான் வரும், டிரைவரை கெர்னலில் சேருங்கள் என்றே கேளுங்கள். ஆன்லைனில் வாங்கியதைத் திருப்பி அனுப்பும்போதும், காரணம் கேட்கிற இடத்தில் 'பிடிக்கவில்லை' என்று தட்டிவிட்டுப் போகாமல், எந்த கெர்னலில் ஓடவில்லை என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.