கால் விரிந்த குஞ்சு, கொப்பூழ் மூடாத குஞ்சு: முதல் மூன்று நாளில் என்ன செய்யலாம்?

கேள்வி: வீட்டுத் தேவைக்கும் கொஞ்சம் விற்பனைக்குமாக நாட்டுக்கோழி வளர்க்கிறேன். தெர்மாகோல் பெட்டி இன்குபேட்டரில் 30 முட்டை வைத்தேன், 19 பொரித்தன. அடியில் செய்தித்தாள் விரித்துக் குஞ்சுகளை விட்டிருந்தேன். இன்று காலையில் பார்த்தால் ஒரு குஞ்சு இரண்டு காலையும் பக்கவாட்டில் விரித்துத் தவளை மாதிரி கிடக்கிறது. இன்னொன்றுக்கு வலது கால் விரல்கள் உள்பக்கம் சுருண்டிருக்கின்றன. ஒன்றுக்குக் கொப்பூழில் மஞ்சளாக, பட்டாணி அளவுக்குத் துருத்திக்கொண்டிருக்கிறது. நாலு குஞ்சை அடைக்கோழியோடு சேர்த்துவிட்டேன். அதில் ஒன்றைக் கோழி தலையில் கொத்தி ரத்தம் வந்துவிட்டது. 'ஊனக் குஞ்சு தேறாது, தூக்கிப் போடு' என்கிறார் மாமியார். எனக்கு மனசு வரவில்லை. காப்பாற்ற வழி உண்டா?
– ஒரு வாசகி, சிவகங்கை மாவட்டம்

பதில்: தூக்கிப் போடாதீர்கள் அம்மா. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் நாலில் மூன்று குஞ்சு தேற நல்ல வாய்ப்பு இருக்கிறது. கொப்பூழ் துருத்திய குஞ்சுக்கு மட்டும் என்னால் உறுதி சொல்ல முடியாது. ஆனால் இன்றைக்கே ஆரம்பிக்க வேண்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக்கூடாது.

ஏன் இந்த அவசரம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பொரிப்பதற்குச் சற்று முன்னால் முட்டையில் மீதியிருக்கும் மஞ்சள் கருவைக் குஞ்சு வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும். அது இரண்டு மூன்று நாளைக்குத் தாங்கும். அதனால் முதல் நாள் குஞ்சு தீவனம் கொத்தவில்லை என்று பயப்பட வேண்டியதில்லை. மூன்றாம் நாள் அந்த இருப்பு தீரும்போது, எழுந்து நடக்க முடியாத குஞ்சு தண்ணீர்த் தட்டு வரைக்கும் போக முடியாமல் கிடக்கும். மற்றக் குஞ்சுகள் அதன் மேல் ஏறி மிதிக்கும். ஊனத்தால் செத்தது என்று நாம் நினைக்கிற குஞ்சுகளில் பல பசியிலும் குளிரிலும்தான் சாகின்றன. இந்த மூன்று நாளை நீங்கள் கடத்திக் கொடுத்தால் போதும், பாதி வேலை முடிந்தது.

கால் விரிந்த குஞ்சிலிருந்து தொடங்கலாம். காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: செய்தித்தாள். பொரித்த குஞ்சின் தொடைத் தசைக்கு இன்னும் வலு வந்திருக்காது. வழுவழுப்பான தாளில் ஒவ்வொரு முறை எழும்போதும் கால் வெளிப்பக்கம் சறுக்கும், அப்படியே பழகிவிடும். முதலில் அந்தத் தாளை எடுத்துவிட்டுச் சொரசொரப்பான பழைய பருத்தித் துணியை மடிப்பில்லாமல் விரியுங்கள். சாக்கு வேண்டாம், பிரிந்த நூலில் விரல் சிக்கும்.

கட்டுவதற்கு முன் ஒரு சோதனை. குஞ்சைக் கையில் எடுத்துக் காலின் நடு மூட்டை, அதாவது பின்பக்கமாக மடங்கும் மூட்டை, விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். இரண்டு காலிலும் மூட்டு ஒரே மாதிரி, பின்னால் நரம்பு (தசைநாண்) நேராக ஓடுவது தெரிந்தால் இது வெறும் சறுக்கல்தான். ஒரு மூட்டு மட்டும் வீங்கித் தட்டையாக இருந்து, நரம்பு பக்கவாட்டில் நழுவியிருந்தால் அது வேறு விஷயம். அந்தக் காலைக் கட்டி வைத்துப் பயனில்லை. அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டினால் நரம்பை இடத்தில் தள்ளிக் கட்டிப் பார்ப்பார். நாள் கடந்தால் அது பெரும்பாலும் சரியாகாது.

இனி கட்டு. மருந்துக் கடையில் கிடைக்கும் சாதாரணத் துணி பிளாஸ்டரில் அரை சென்டிமீட்டர் அகலம், ஒரு சாண் நீளத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு பட்டை வெட்டிக்கொள்ளுங்கள். ஒருவர் குஞ்சைத் துணியில் சுற்றி, கால் இரண்டும் வெளியே தெரிகிற மாதிரி மல்லாக்கப் பிடிக்கட்டும். கண்ணைத் துணி மறைத்தால் குஞ்சு துள்ளாது. மூட்டுக்குக் கீழே, செதில் படிந்த குச்சிக் காலில் பட்டையை ஒரு சுற்று சுற்றி ஒட்டுங்கள். பிறகு குஞ்சு இயல்பாக நின்றால் இரண்டு காலுக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்குமோ அவ்வளவு விட்டு, அடுத்த காலிலும் ஒரு சுற்று. அந்த இடைவெளி உங்கள் கட்டைவிரல் அகலம், ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் இருக்க வேண்டும். நடுவில் இருக்கும் பட்டையின் ஒட்டும் பக்கத்தை இன்னொரு துண்டு பிளாஸ்டரால் மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் துணியும் உமியும் ஒட்டிக்கொள்ளும். ரப்பர் பேண்டு மட்டும் வேண்டவே வேண்டாம். அது இறுக்கி ரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடும்.

கட்டியவுடன் குஞ்சு குப்புற விழும், கத்தும். பார்க்கக் கஷ்டமாக இருக்கும், ஆனால் அவிழ்த்துவிடாதீர்கள். சிறிய கிண்ணத்தில் துணியைச் சுருட்டி வைத்து, கால் இரண்டும் உடம்புக்கு அடியில் வருகிற மாதிரி குஞ்சை அதில் உட்கார வையுங்கள். இருபது நிமிடம், அரை மணி நேரம் இப்படி இருக்கட்டும். இதை ஒரு நாளைக்கு நாலைந்து முறை செய்யுங்கள். இடையிடையே கையால் தாங்கி நிற்க வையுங்கள். அரை நாளைக்கு ஒருமுறை விரலைப் பாருங்கள்: வீங்கினாலோ நிறம் கறுத்தாலோ கட்டு இறுக்கம், உடனே தளர்த்த வேண்டும். குஞ்சு வேகமாக வளரும் என்பதால் தினமும் பட்டையை மாற்றிக் கட்டுவது நல்லது. உரிக்கும்போது பிளாஸ்டரில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவினால் தோல் பிய்யாமல் வரும். முதல் இரண்டு நாளில் ஆரம்பித்த குஞ்சு பெரும்பாலும் மூன்று நாலு நாளில் சொந்தக் காலில் நிற்கும். ஒரு வாரம் கடந்து வந்தால் எலும்பும் தசையும் அந்தக் கோணலிலேயே உறுதிப்பட்டிருக்கும், பிறகு கட்டுக்கு மசியாது.

பணியில் சேர்ந்த புதிதில் ஒரு பாட்டி இப்படி ஒரு குஞ்சை முந்தானையில் முடிந்து எடுத்து வந்தார். இரண்டு காலும் நேர்கோட்டில் விரிந்திருந்தன. தேறாது என்றே நினைத்தேன், அவர் மனம் நோகக் கூடாது என்று கட்டிக் கொடுத்தேன். ஐந்தாம் நாள் அதே முந்தானையில் கொண்டு வந்து மேசையில் விட்டார். மேசை ஓரம் வரை ஓடியது. அந்த அம்மாள் நாலு நாளும் அடுப்படியில் உட்கார்ந்து, மணிக்கு ஒருமுறை அதன் அலகைத் தண்ணீரில் தொட்டு வைத்திருக்கிறார். அதற்குப் பிறகு கால் விரிந்த எந்தக் குஞ்சையும் பார்த்த மாத்திரத்தில் ஆகாது என்று நான் சொன்னதில்லை.

சுருண்ட விரலுக்கு ஒரு 'செருப்பு' செய்து போட வேண்டும். தீப்பெட்டி அட்டையில் காலின் அளவைவிடச் சற்றே பெரிதாக ஒரு துண்டு வெட்டுங்கள். முன் விரல் மூன்றையும் பின் விரலையும் இயல்பாக விரித்து அதன் மேல் வைத்து, மேலிருந்து பிளாஸ்டரால் ஒட்டிவிடுங்கள். இரண்டு மூன்று நாளில் நிமிர்ந்துவிடும். ஒரு குஞ்சுக்கு ஒரு காலில் மட்டும் என்பதால் முட்டைக்குள் கிடந்த வாகு என்றுதான் நினைக்கிறேன். அதுவே இரண்டு வாரம் கழித்துப் பல குஞ்சுகள் விரலைச் சுருட்டிக்கொண்டு, மூட்டை ஊன்றி நடக்க ஆரம்பித்தால் வைட்டமின் பி2 பற்றாக்குறை. நொய்யும் குருணையும் மட்டுமே போட்டு வளர்க்கும் வீடுகளில் அப்படி வரும். கோழிகளுக்கான பி காம்ப்ளெக்ஸ் திரவத்தைப் புட்டியில் போட்டிருக்கும் அளவுப்படி தண்ணீரில் கலந்து கொடுத்து, குஞ்சுத் தீவனத்துக்கு மாற வேண்டும்.

கொப்பூழ்க் குஞ்சு. துருத்திக்கொண்டிருப்பது முழுதாக உள்ளே போகாத மஞ்சள் கருப் பை. அதை உள்ளே தள்ளாதீர்கள், கத்தரிக்காதீர்கள், நூல் போட்டுக் கட்டாதீர்கள். காய்ந்த நூல் மாதிரி ஏதாவது தொங்கினாலும் இழுக்கக் கூடாது, தானாக உதிரும். போவிடோன் அயோடின் மருந்தைப் பஞ்சில் நனைத்துக் கொப்பூழில் மெல்ல ஒற்றி எடுங்கள், காலை மாலை இரண்டு வேளை. கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியைப் போட்ட பெட்டியில், இருட்டாக, கதகதப்பாகத் தனியே விடுங்கள். ஈரப்பதம் இருந்தால் பை காய்ந்து ஒட்டாது. பை சிறியதாக இருந்தால் ஒன்றிரண்டு நாளில் உள்வாங்கும். மாறாக வயிறு உப்பி, கொப்பூழைச் சுற்றி நீலம் பாய்ந்து, கெட்ட வாடை வந்தால் கிருமி உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். அந்தக் குஞ்சு பெரும்பாலும் பிழைக்காது. மற்றவற்றோடு மட்டும் சேர்த்துவிடாதீர்கள். இறந்தால் சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதைத்து, கையை சோப்பால் கழுவிவிட்டு மற்றக் குஞ்சுகளைத் தொடுங்கள்.

இங்கே ஒன்று: பின்பக்கம் எச்சம் காய்ந்து அடைத்திருப்பதையும் கொப்பூழையும் சிலர் குழப்பிக்கொண்டு, கொப்பூழ்ப் பொருக்கைப் பிய்த்துவிடுகிறார்கள். எச்சத் துவாரம் வாலுக்குக் கீழே. கொப்பூழ் அதற்கும் முன்னால், வயிற்றில். அடைப்பு இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துத் துடைத்து எடுக்க வேண்டும்.

தலையில் கொத்துப்பட்ட குஞ்சு பயமுறுத்தும், ஆனால் சீக்கிரம் ஆறும். அரை லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீருக்குத் தலைதட்டிய ஒரு டீஸ்பூன் உப்பு. இதில் காயத்தைக் கழுவிப் போவிடோன் அயோடின் தடவுங்கள். மஞ்சளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் போடுவது நம் ஊர் வழக்கம். போடலாம், ஆனால் காயத்தின் மேல் மட்டும், மெல்லிசாக. உடம்பு முழுக்க எண்ணெய் பட்டால் இளம் இறகு ஒட்டிப்போய்க் குஞ்சு விறைத்துவிடும். மனிதர்களுக்கான மரத்துப்போக வைக்கும் களிம்பு எதையும் தடவாதீர்கள், பறவைகளுக்கு அது விஷமாகலாம். சிவப்பு தெரிந்தால் மற்றக் குஞ்சுகள் அதையே கொத்தும், ஆகவே பொருக்குக் கட்டும் வரை தனியே வையுங்கள். ஈ உட்காராமல் கொசுவலைத் துணியால் மூடுங்கள். மிச்சம் மூன்று குஞ்சையும் இப்போதைக்குக் கோழியிடமிருந்து எடுத்துவிடுங்கள். இன்குபேட்டர் குஞ்சை அடைக்கோழியிடம் சேர்ப்பதாக இருந்தால் இரவில், இருட்டில், அதன் இறக்கைக்கு அடியில் நழுவ விட வேண்டும். விடிந்ததும் பக்கத்தில் இருந்து பாருங்கள். கொத்தினால் அந்தக் கோழி ஏற்காது.

இந்த நாலுக்கும் பொதுவானது சூடும் தண்ணீரும். அட்டைப் பெட்டி போதும். கொப்பூழ்க் குஞ்சுக்கும், பொருக்குக் கட்டும் வரை கொத்துப்பட்ட குஞ்சுக்கும் தனித்தனிப் பெட்டி. ஒரு மூலையில் பழைய குண்டு பல்பு 40 வாட் தொங்கவிடுங்கள். எல்இடி பல்பில் வெளிச்சம்தான் வரும், குஞ்சுக்கு வேண்டிய சூடு வராது. இதைத் தெரியாமல் குஞ்சை இழந்தவர்கள் நிறையப் பேர். குஞ்சின் முதுகு மட்டத்தில் முதல் வாரம் 95 டிகிரி ஃபாரன்ஹீட் (35 செல்சியஸ்) இருக்க வேண்டும், அடுத்தடுத்த வாரம் 5 டிகிரி ஃபாரன்ஹீட் குறைக்கலாம். நடக்கிற குஞ்சு சூடு அதிகமானால் நகர்ந்துகொள்ளும். நடக்க முடியாத குஞ்சுக்கு நீங்கள்தான் தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் பல்பை உயர்த்துங்கள். மின்சாரம் போனால் வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள்.

அரை டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சிட்டிகை வெல்லம் கரைத்து, அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு தொட்டு வையுங்கள். தானே உறிஞ்சும். வாயைப் பிளந்து ஊற்றினால் மூச்சுக்குழலுக்குள் போய்விடும். தண்ணீர் வைக்கும் மூடியில் கோலிக்குண்டுகளைப் போட்டு வைத்தால் பலவீனமான குஞ்சு தலை கவிழ்ந்து மூழ்காது. இரண்டாம் நாளிலிருந்து வேகவைத்த முட்டை மஞ்சள் கருவைப் பொடித்துக் குஞ்சுத் தீவனத்தில் பிசறி, அலகுக்கு எட்டுகிற இடத்தில் வையுங்கள். பெட்டியின் ஒரு பக்கத்தில் வலை வைத்து, மற்றக் குஞ்சுகள் கண்ணில் படுகிற மாதிரி செய்யுங்கள். தனியாகக் கிடக்கும் குஞ்சு கத்திக் கத்தியே களைத்துப்போகும். தவிர, பார்வையில் இருந்த குஞ்சைத் திரும்பச் சேர்க்கும்போது மற்றவை கொத்துவது குறைவு.

அடுத்த ஈட்டுக்கு இன்குபேட்டரைக் கொஞ்சம் கவனியுங்கள். ஃபேன் உள்ள பெட்டியில் 37.5 டிகிரி செல்சியஸ், 18 நாள் வரை ஈரப்பதம் 50-55 சதவீதம், கடைசி மூன்று நாள் 65-70. சூடு கூடினால் குஞ்சு அவசரமாகப் பொரியும், கொப்பூழ் மூடியிருக்காது, காலும் கோணலாகும். 18-ஆம் நாள் முட்டை திருப்புவதை நிறுத்தும்போதே அடியில் சொரசொரப்பான துணியைப் போட்டுவிடுங்கள். அப்புறம் மூடியைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள். எச்சம் ஒட்டிய முட்டையை அடைக்கு வைக்காதீர்கள், கொப்பூழ்க் கிருமி பெரும்பாலும் அதிலிருந்துதான் வருகிறது.

இவ்வளவு செய்தும் ஐந்தாறு நாளில் நிற்காமல், குடிக்காமல், கண் மூடியே கிடக்கும் குஞ்சு இருக்கலாம். அதைத் துடிக்க விடாமல் பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். மருத்துவர் பார்த்து வழியில்லை என்றால் வலியில்லாமல் முடித்து வைப்பார். அதில் உங்கள் தவறு எதுவும் இல்லை.

மற்றக் குஞ்சுகளுக்கு ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்து கண்ணில் சொட்டு விடுவீர்கள் அல்லவா, கட்டு அவிழ்த்து ஓடியாடும் குஞ்சுகளுக்கும் அன்றே சேர்த்துப் போடுங்கள். இன்னும் சோர்வாக இருப்பதற்கு அன்று வேண்டாம். நன்றாகத் தீவனம் எடுக்க ஆரம்பித்த பிறகு போட்டுக்கொள்ளலாம், அதுவரை தனிப்பெட்டியிலேயே இருக்கட்டும்.